வலது பக்கத்துப் பிள்ளை

என் வயிற்றைப் பற்றி அந்த வருஷம் என்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவருடைய அக்காவுக்குத் தெரியும், மருத்துவச்சிக்குத் தெரியும், சித்தூர்ச் சந்தையில் தேங்காய் உரிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். வயிறு என்னுடையது என்பது மட்டும் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. இத்தனை காலம் கழித்து எழுத உட்காரும்போதும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இருப்பதாகத் தெரியவில்லை.

நாங்கள் சித்தூருக்குக் கிழக்கே, கொச்சி ராஜ்யத்தின் ஓரத்தில் குடியிருந்த விவசாயக் குடும்பம். ராஜா மலையாளம், சர்க்கார் கச்சேரி மலையாளம், வீட்டுக்குள் பேச்சு மட்டும் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ். நெல்லும் தென்னையும் போதுமான அளவுக்கு இருந்தன. என் வீட்டுக்காரருக்கு இருந்த ஒரே குறை, பிறந்த மூன்றும் பெண் என்பது. மூன்றையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஆண் வாரிசு இல்லாததால் தம்பி மகனைச் சுவீகாரம் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு நடந்து, அது ஏறக்குறைய முடிவான நிலையில் இருந்தது.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவராக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் யோசனை வேண்டும். யோசிக்கிற வேலையை அவர் அக்காவிடம் விட்டிருந்தார். மீசையைத் தடவுகிற வேலையை மட்டும் தானே பார்த்துக்கொண்டார். அந்த அக்கா, அதாவது நான் நங்கையா என்று கூப்பிடும் என் நாத்தனார், பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். ஆனால் அவர் அங்கே சமைத்ததைவிட எங்கள் வீட்டில் அதிகாரம் செய்ததுதான் அதிகம். அவரிடம் எந்த நோய்க்கும் ஒரே மருந்து, விளக்கெண்ணெய். தலை வலித்தாலும் விளக்கெண்ணெய், மாடு பால் கறக்காவிட்டாலும் விளக்கெண்ணெய். எங்கள் வீட்டு மாடுகள் அவரைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும் என்று என் கடைசி மகள் கேலி செய்வாள்.

வலி எனக்கு அந்தக் கடைசி மகளின் கல்யாணத்தில்தான் முதலில் வந்தது. பந்தி முடிந்து, நெய்யில் தோய்ந்த ஒப்பிட்டுப் போளி இரண்டு தின்றுவிட்டுப் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை உள்ளே விட்டு முறுக்குவது போல் பிடித்தது. அங்கேயே நிற்காமல் முதுகுக்குப் போனது, பிறகு வலது தோள்பட்டைக்கு ஏறியது. வாந்தி எடுத்தேன். கசப்பாக, பச்சையாக வந்தது. கொஞ்ச நேரத்தில் வலி வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. எச்சில் இலை வாடைக்குக் குமட்டியிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அது வருவதும் போவதுமாக இருந்தது. நான் முட்டாள் இல்லை. கஞ்சியும் துவையலும் குடித்த நாட்களில் வலி வராது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒருபொழுது இருந்தால் உடம்பு காற்றாக இருக்கும். கோழி அடித்த நாள், பலகாரம் சுட்ட நாள், நெய் உருக்கிய நாள் என்றால் சாப்பிட்ட கை காய்வதற்குள் வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். இதைக் கவனிக்க வைத்திய சாஸ்திரம் படித்திருக்க வேண்டாம். வாயும் வயிறும் ஒரே ஆளிடம் இருந்தால் போதும். நாத்தனாரிடம் சொன்னேன்.

"நங்கையா, எண்ணெய்ப் பண்டம் தின்னாத்தானுங்க இந்த வலி வருது. சும்மா கஞ்சி குடிச்சா ஒண்ணுமில்லீங்க."

"எண்ணெய் ஆகாத ஒடம்பு எங்கியாவது உண்டா அம்மிணி? உள்ள காஞ்சு கெடக்குது, அதுதான் பிடிக்குது. இந்தா, இதைக் குடி."

ஒரு கரண்டி விளக்கெண்ணெய். அதைக் குடித்த பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். நான் சுருண்டு கிடந்ததைப் பார்த்துவிட்டு அவர் திருப்தியோடு தலையாட்டினார். மருந்து வேலை செய்கிறதாம். எண்ணெய்தான் என்னைக் கொல்கிறது என்று சொன்னவளுக்கு எண்ணெயையே புகட்டிவிட்டு, வலி கூடியதைக் குணமாவதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட அறிவை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

அப்போது எனக்கு நாற்பது கடந்து இரண்டு மூன்று வயது. மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய் நின்றும் விட்டது. என் வயதில் அது நிற்கிற காலம்தான். ஆனால் ஒரு நாள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததை நாத்தனார் பார்த்துவிட்டார். எத்தனை மாசமாக விலக்காகவில்லை என்று கேட்டார். நான் சொன்னேன். அவ்வளவுதான், கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். அந்த உடம்புக்கு அவ்வளவு வேகமாக ஓட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நங்கையா, மூணு பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? இது அது இல்லீங்க. அதுல இப்படி விலாவுல வலிக்காதுங்க" என்று நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"மூணும் பொட்டையாப் பெத்தே. பையனைச் சொமந்திருந்தாத்தானே அது எப்புடி வலிக்கும்னு உனக்குத் தெரியும்?" என்றார்.

நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. வயிற்றில் பிள்ளை வலது பக்கம் ஒதுங்கியிருந்தால் ஆண், இடது பக்கம் என்றால் பெண். கர்ப்பிணி எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறாள், எந்தக் காலை முன்னால் வைக்கிறாள் என்றெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு வலி வலது பக்கம். நான் கையை வைத்து அழுத்திக்கொண்டதும் வலது பக்கம். இதற்கு மேல் அவர்களுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? மருத்துவச்சியை வரவழைத்தார்கள். ஊரில் பாதிப் பேரைப் பூமிக்குக் கொண்டுவந்த கை அவளுடையது. என் விலாவுக்குக் கீழே தொட்டதும் நான் அலறினேன். அங்கே சின்னக் கத்தரிக்காய் அளவுக்கு ஏதோ உருண்டு நின்றது அவள் கைக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவள் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தேகம் ஓடியதை நான் பார்த்தேன். பிள்ளை தொப்புளுக்குக் கீழே தொடங்கி மேலே வளரும், விலா எலும்பில் தொங்கிக்கொண்டு கீழே இறங்காது என்பது அவளுக்கா தெரியாது? பிறகு அவள் நிமிர்ந்து என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் எதைக் கேட்க விரும்பியதோ அதைச் சொன்னாள்.

"வலப்பக்கமாத்தானுங்க உருண்டு நிக்குது. சிங்கக்குட்டியாட்டம் பையனுங்க."

புடவை ஒன்றும் ஒரு மூட்டை நெல்லும் வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். துண்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினார். மீசைக்குத் தினமும் எண்ணெய் போட்டார். கள்ளுக்கடைப் பக்கம் போனால் ஒரு குரல், சந்தைக்குப் போனால் ஒரு குரல், எல்லாம் என் வயிற்றைப் பற்றி. பழனிக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். அதோடு நிறுத்தினாரா? தம்பி வீட்டு வாசலுக்கே போய், நாலு பேர் பார்க்க, "இனி உன்ற மகனுக்கு என்ற சொத்துல ஆசை வேண்டாம். எனக்கே பொறக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு வந்தார். தம்பி பாவம், வெற்றிலையைக்கூட மடிக்காமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். இதையும் அவரே எனக்குச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு நடந்த உபசாரம் தனிக்கதை. இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைத் தின்றவள் நான். இப்போது நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார். காலையில் நெய்யில் பொரித்த முட்டை, மத்தியானம் அரிசிம்பருப்புச் சோற்றில் குழி பறித்து நெய், சாயங்காலம் ஆட்டுக்கால் சாறு. பிள்ளைக்கு வலு சேர வேண்டுமாம். நான் வேண்டாம் என்றால், பிள்ளையைப் பட்டினி போடுகிற பாவி ஆனேன். வாந்தி எடுத்தால் மறுபடி ஊட்டினார். வலியில் துடித்தால் பையன் உதைக்கிறான் என்று சிரித்தார். வயதான உறவுக்காரிகள் வந்து வலது பக்கத்தைத் தொட்டுப் பார்த்து நெட்டி முறித்தார்கள். ஒவ்வொருத்தி தொடும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. எனக்கு அவர்கள் எல்லோரையும் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

கடைசியில் ஒரு மத்தியானம், வீட்டுக்கு வந்த உறம்பரைக்கு ஆக்கிய கோழிக்குழம்பை இரண்டு வாய் விழுங்கிய பிறகு வலி வந்தது. இந்தத் தடவை அது போகவில்லை. முன்னெல்லாம் வந்து, முறுக்கி, விட்டுவிடும். இது பிடித்த பிடியாக நின்றது. மூச்சை ஆழமாக இழுக்க முடியவில்லை. பாதி மூச்சில் கத்தி குத்துவது போல் நின்றுவிடும். இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. மறுநாள் குளிர் எடுத்துப் பல் கிட்டியது, பிறகு உடம்பு அனலாகக் கொதித்தது. கண் வெள்ளையில் மஞ்சள் படிந்திருக்கிறது என்று பால்காரிதான் சொன்னாள். வீட்டில் இருந்தவர்களுக்கு என் கண்ணைப் பார்க்க நேரம் எங்கே?

காய்ச்சலைக் கண்டதும் நாத்தனார் பயந்துபோனார். கரு கலையப் பார்க்கிறது என்றார். அதன் பிறகுதான் வண்டி கட்டினார்கள். பாலக்காட்டில் பெண்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது, அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். அவரிடம் போவது என்று முடிவாயிற்று. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: அந்த வண்டி எனக்காகக் கட்டப்படவில்லை. நான் வைக்கோல் மெத்தையில் கிடந்து ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்காரனிடம் என் வீட்டுக்காரர் "மெதுவா ஓட்டு, புள்ளை குலுங்குது" என்று சொன்னார். வெள்ளைக்காரர் எல்லைச் சுங்கச் சவுக்கையில் புகையிலை இருக்கிறதா என்று பார்க்கச் சேவகன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். "புகையிலை இல்லீங்க, பொம்பளையாளு மாசமா இருக்குது" என்று அவனிடமும் மீசையைத் தடவினார். நான் அந்த மீசையைப் பிடித்துத் தொங்க ஆசைப்பட்டேன். கையைத் தூக்கத் தெம்பு இல்லை.

டாக்டரம்மா மலையாளி, கிறிஸ்தவப் பெண். மெலிந்த உடம்பு, சத்தம் போடாத குரல். தமிழைத் தன் பாஷையின் ராகத்தில் பேசுவார். என்னிடம் கேட்டார், "அம்மா, எவிடெ வேதனை?"

என் வீட்டுக்காரர், "வயித்துலீங்க" என்றார்.

"எப்ப தொடங்கி?"

"மூணு மாசமுங்க" என்றார் அவர்.

"வாந்தி உண்டோ?"

"அது மாசமா இருந்தா வாறதுதானுங்களே."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வேதனை உங்களுக்கா, அவங்களுக்கா?" என்றார். அவருக்கு அது கேலி என்றே புரியவில்லை. "அவளுக்குத்தானுங்க" என்று பணிவாகப் பதில் சொன்னார். டாக்டரம்மா அவரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்திய சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

அவர் முதலில் என் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலது விலாவுக்குக் கீழே விரல்களை மெதுவாக வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார். "இனி மூச்சு உள்ளே எடுக்கணும். மெல்ல" என்றார். இழுத்தேன். பாதியில் என் மூச்சு தானாகவே நின்றது. இடது பக்கமும் அதே மாதிரி செய்தார். அங்கே மூச்சு முழுசாகப் போய் வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"நெய், முட்டை, இறைச்சி கழிச்சா, தின்னா, வேதனை கூடுதல் ஆகுமோ?"

நான் அழுதுவிட்டேன். வலிக்காக அழவில்லை. என் வலியைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். எல்லாவற்றையும் கொட்டினேன். கல்யாணத்து ஒப்பிட்டு, விளக்கெண்ணெய், தோள்பட்டை வலி, கஞ்சி குடித்தால் வராதது, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அடிவயிற்றையும் நன்றாகச் சோதித்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: குழந்தை இல்லை. ஈரலுக்கு அடியில் பித்தத்தைச் சேர்த்து வைக்கிற சின்னப் பை ஒன்று உண்டு. கொழுப்புப் பண்டம் தின்றால் அதைச் செரிக்க வைக்க அந்தப் பை சுருங்கிப் பித்தத்தைப் பிழிந்து விடும். என் பைக்குள் கல் உண்டாகியிருக்கிறது. சுருங்கும்போதெல்லாம் கல் வாய்க்கு வந்து அடைக்கும், அதுதான் வந்து வந்து போன வலி. இப்போது கல் வழியிலேயே சிக்கிக்கொண்டது. பை வீங்கி அழற்சி கண்டுவிட்டது, அதனால் காய்ச்சல்.

எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பெரிய நிம்மதிதான் வந்தது. நான் சொன்னது சரி என்று எனக்கே அப்போதுதான் உறுதியாயிற்று. எனக்கு மகன் வேண்டும் என்று ஆசை இருந்ததில்லையா என்று கேட்டால், இருந்தது. இல்லாத மகனுக்காக நெய் குடித்துச் சாகிற அளவுக்கு இருந்ததில்லை.

கத்தியை உடனே எடுக்கவில்லை. முதலில் வாய் வழியாக ஒன்றுமே தரக்கூடாது என்றார். பச்சைத் தண்ணீர்கூட இல்லை, உதட்டை நனைக்க ஈரத்துணி மட்டும். வலிக்கு ஊசி போட்டார்கள். அது ஏறியதும் பல மாசம் கழித்து விலா இருக்கிற இடம் மறந்து தூங்கினேன். கம்பளித் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து வலது பக்கத்தில் ஒத்தடம் வைத்தார்கள். உடம்பில் நீர் வற்றாமல் இருக்க உப்புத்தண்ணீரைக் கீழ்வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கௌரவமான வைத்தியம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் எனக்கு நடந்த கௌரவத்தைவிட அது எவ்வளவோ மேல்.

நாத்தனார் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்கிறாள் அந்தப் பொம்பளை என்று, தூக்குப்போசியில் நெய்ச்சோறு எடுத்துக்கொண்டு முந்தானையில் மறைத்து வந்தார். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் ஒரு உருண்டையை என் வாயருகே நீட்டினார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். எங்கள் வீட்டு மாடுகள்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்து, போசியை வாங்கி வாசலில் இருந்த நாய்க்குக் கவிழ்த்தார். "அதுக்குப் பித்தப்பை நல்லா இருக்கு, தின்னட்டும்" என்றார். நாத்தனார் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரும்வரை அவரைத் திட்டியிருப்பார்.

பட்டினியும் ஒத்தடமும் வலியைக் குறைத்தன, காய்ச்சலைக் குறைக்கவில்லை. நாடி வேகமாக ஓடிக்கொண்டே இருந்தது. வயிறு அந்தப் பக்கம் பலகையாக விறைத்துக்கொண்டு வந்தது. பைக்குள் சீழ் பிடித்திருக்கிறது, உள்ளேயே உடைந்தால் பிழைக்க வைக்க முடியாது, திறந்து கல்லை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆபரேஷன் செய்யக் கோயம்புத்தூரிலிருந்து பெரிய டாக்டர் ஒருவரை வரவழைக்க வேண்டும். அதிலும் ஆபத்து உண்டு, சும்மா விட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து என்பதை ஒளிக்காமல் சொன்னார். சொன்னது என் வீட்டுக்காரரிடம். என் கட்டிலுக்கு அருகில் நின்றுதான் சொன்னார், அதனால் நானும் கேட்டேன்.

அவர் துண்டைக் கையில் முறுக்கினார். "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றார்.

"குழந்தை இல்லைன்னு அன்னிக்கே சொன்னேன்."

"மருத்துவச்சி தொட்டுப் பாத்துச் சொன்னாளுங்களே, வலப்பக்கம்னு."

"அவங்க தொட்டதைத்தான் நான் எடுக்கணும்னு சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் அப்போதும் உயரவில்லை. யோசித்துச் சீக்கிரம் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டு வெளியே போனார்.

என் வீட்டுக்காரர் கட்டில் காலருகே உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அஞ்சாம் மாசம் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமா புள்ள? ஊட்டுக்குப் போயி சோசியரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"எதுக்குங்க பொறுக்கோணும்? ஒண்ணுமில்லைன்னு அவங்க சொல்லிட்டாங்களே."

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே" என்றார். "தம்பி ஊட்டு வாசல்ல நின்னு அப்புடிப் பேசிப்போட்டேன். இப்பப் போயி ஒண்ணுமில்லைன்னா அவன் மூஞ்சில எப்புடி முழிக்கறது?"

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவர் டாக்டரம்மா சொன்னதை நம்பாமல் இல்லை. நம்பிவிட்டார். நம்பினாலும் ஊருக்கு முன்னால் தலை குனிய முடியவில்லை, அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு போட்டேன், துணி துவைத்தேன், இவர் காய்ச்சலில் கிடந்தபோது கால் பிடித்தேன். அவர் தராசில் ஒரு தட்டில் என் உயிரும் இன்னொரு தட்டில் தம்பியின் சிரிப்பும் இருந்தன.

"நான் செத்துப்போனா ஊர்ல என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் பதறித் திரும்பினார். "அப்புடியெல்லாம் வாயில சொல்லாதே புள்ள" என்றார். "வயித்துல இருக்கற கொழந்தைக்கு ஆகாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலித்தது, ஆனாலும் வந்தது. அதற்குப் பிறகு அந்த மனுஷன்மேல் எனக்குக் கோபம்கூட மிஞ்சவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். நான் நர்ஸைக் கூப்பிட்டு, டாக்டரம்மாவை வரச் சொன்னேன். அவர் வந்ததும் சொன்னேன்.

"அறுத்துப்போடுங்கம்மா. இது என்ற வயிறு, நான் சொல்றனுங்க."

டாக்டரம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரன் சம்மதம் இல்லாமல் ஒரு பெண்ணை மேஜைமேல் கிடத்துவது அந்தக் காலத்தில் யாரும் லேசில் துணிகிற காரியம் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் ஊரே அவர்மேல் பாயும் என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னா போதும்" என்றார். என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப என்னமோ பண்ணுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நினைவு தெரிந்து அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

மயக்க மருந்தின் தித்திப்பு வாடையைத் தவிர, கோயம்புத்தூர் டாக்டர் வந்து செய்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கண் விழித்தபோது வாய் காய்ந்திருந்தது, விலாவில் ஒரு ரப்பர் குழாய் செருகியிருந்தது, அதன் மறுமுனை கட்டிலுக்கு அடியில் ஒரு புட்டிக்குள் இருந்தது. அதில் முதலில் சீழும் பிறகு பித்தமும் வடிந்தன. வலி இருந்தது. அது வெட்டிய இடத்து வலி, எனக்குத் தெரிந்த பழைய வலி இல்லை. மூச்சை இழுத்துப் பார்த்தேன். முழுசாகப் போனது. நான் பிழைத்துக்கொண்டேன் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எடுத்த கற்களை டாக்டரம்மா ஒரு மருந்துப் புட்டியில் போட்டு என் தலைமாட்டில் வைத்திருந்தார். ஒரு கை நிறைய இருக்கும். சுட்ட புளியங்கொட்டை நிறத்தில், ஒன்றோடொன்று உரசி முனை மழுங்கியவை. நான் அதைக் கையில் வாங்கிக் குலுக்கிக் குலுக்கிப் பார்ப்பேன்.

எழுந்து உட்கார முடிகிற அளவுக்குத் தெம்பு வந்த பிறகு, ஒரு நாள் காலையில் வாசலில் பெரிய அழுகைச் சத்தம் கேட்டது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நாத்தனார் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தார், பின்னால் உறவுக்காரிகள் ஐந்தாறு பேர். என் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். ராசாவாட்டம் பையன், வலப்பக்கம் சிங்கமாட்டம் படுத்திருந்தவன், அந்த டாக்டருப் பொம்பளை கத்தியால அறுத்து எடுத்துப்போட்டாளே என்று அழுதார்கள். என் வீட்டுக்காரர் ஊரில் போய்ச் சொல்லியிருந்தது இதைத்தான். கதவருகே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மகனைப் பறிகொடுத்த தகப்பனாக அவர் நின்றிருந்தார். அவர் வாசலில் நின்று அவமானப்படுத்திய தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கி, ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பழியும் இல்லாமல் என் வீட்டுக்காரர் தப்பித்துவிட்டார். பழி முழுவதும் என்னைப் பிழைக்க வைத்தவர் தலையில்.

டாக்டரம்மா சத்தம் கேட்டு வந்து வாசற்படியில் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் என்ன சொன்னாலும் அந்தக் கூட்டத்தில் யார் கேட்பார்கள்?

நான் நர்ஸிடம் தலைமாட்டுப் புட்டியைக் கேட்டு வாங்கினேன். மூடியைத் திறந்து, அழுதுகொண்டிருந்த நாத்தனாரின் கையைப் பிடித்து விரித்து, கற்கள் எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். அழுகை நின்றது. என் வீட்டுக்காரர் வாயிலிருந்த துண்டை எடுத்தார். அவருடைய தம்பி கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"அழுவாதீங்க நங்கையா" என்றேன். "உள்ள இருந்தது மொத்தமும் இதுதானுங்க. நல்லா வெளிச்சத்துல வெச்சுப் பாத்து, இதுல எது அப்பனாட்டமே இருக்குதுன்னு சொல்லுங்க."